ரெசிஃபியில் கடலில் இறங்கும் நேரம்

சுறாவைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஓர் எண்ணில் தொடங்கும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், உலகெங்கும் மனிதரைச் சுறா கடித்த நிகழ்வுகளைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மனிதரின் தூண்டுதல் இன்றி நிகழ்ந்த கடிகள் 2023-இல் 69. அவற்றில் உயிரிழந்தோர் 10 பேர். அதற்கு முந்தைய ஆண்டில் இவை 57, 5. கோடிக்கணக்கானோர் கடலாடும் உலகில் இவை மிகச் சிறிய எண்கள். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை, கடற்கரையில் மின்னலும் நீரோட்டமும் இதைவிடக் கூடுதலாகக் கொல்கின்றன என்று அத்தகைய கட்டுரைகள் ஆறுதல் கூறி, நான்கைந்து அறிவுரைகளை அடுக்கி முடிந்துவிடும்.

எண்ணில் பிழையில்லை. பிழை அதைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. உலகின் எல்லாக் கரைகளையும் ஆண்டின் எல்லா நாள்களையும் சேர்த்து வகுத்துப் பெற்ற ஒரு சராசரியை, ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட துறையில் மாலை ஐந்து மணிக்கு இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்லுவதால் அவருக்கு என்ன பயன்? ஆபத்து சீராகப் பரவிக் கிடப்பதில்லை. சில மைல் நீளத்திலும் சில மணி நேரத்திலும் அது திரண்டு நிற்கிறது. விடுமுறைக்கு வருபவருக்குத் தெரியவேண்டியது அந்த மைலும் அந்த மணியும்தான். ஊரார் அறிந்திருப்பதும் வந்தவர் அறியாததும் அவையே. இதை விளக்க பிரேசிலின் ரெசிஃபி நகரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

பெர்னம்புகோ மாநிலத்தின் தலைநகரம் ரெசிஃபி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 பாகையில், அட்லாண்டிக்கின் கரையில், ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் வாழும் நகரம். ஊர்ப் பெயருக்கே கடலோரப் பாறைத்தொடர் என்றுதான் பொருள். அரபியிலிருந்து போர்த்துக்கீசியத்துக்குச் சென்ற சொல் அது. தமிழ்நாட்டு மீனவர் ‘பார்’ என்று சொல்வதற்கு ஏறக்குறைய இணையானது. கரைக்குச் சற்று அப்பால், கரைக்கு இணையாக, மணற்கல் பாறைகள் தாழ்ந்த மதில்போல நீண்டு கிடக்கின்றன. ஓதம் வற்றும்போது பாறைகளின் முதுகு வெளியே தெரியும். பாறைக்கும் மணலுக்கும் இடையே தேங்கும் நீர் குளங்களாகும். வெதுவெதுப்பான, தெளிந்த, குழந்தைகள் உட்கார்ந்து விளையாடக்கூடிய குளங்கள். நகரின் பெயர்பெற்ற கடற்கரை போவா வியாஜெம். ‘நல்ல பயணம்’ என்பது அப்பெயரின் பொருள். அடுக்குமாடிகளை முதுகில் சுமந்துகொண்டு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரையின் அழகு முழுவதும் அந்தப் பாறை மதிலால் வந்தது.

ஆறு மணி நேரம் கழித்து வந்து பார்ப்பவருக்கு அந்த மதில் தென்படாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் 2 மீட்டருக்கும் மேல் ஏறிவிடும். குளமும் கடலும் ஒன்றாகிவிடும். அலை சற்றுப் பெரிதாகியிருக்கிறது, நீந்துவதற்கு நல்ல ஆழம் வந்திருக்கிறது என்றுதான் வெளியூரார் எண்ணுவார். மதிலுக்கு வெளியே கரைக்கு இணையாக ஆழமான ஒரு கால்வாய் கடலடியில் ஓடுகிறது என்பதோ, பெருஞ்சுறாக்கள் கரையோரமாகப் போய்வரும் வழி அதுதான் என்பதோ, அந்த வழிக்கும் தமக்கும் இடையே இருந்த தடுப்பு இப்போது நீருக்கடியில் இருக்கிறது என்பதோ அவர் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

1992-க்கு முன் ரெசிஃபிக்காரர்கள் சுறாவைப் பெரிதாக எண்ணியதில்லை. அந்த ஆண்டு தொடங்கித் தாக்குதல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. முதலில் அலைச்சறுக்கு வீரர்கள், பிறகு நீந்துபவர்கள், பிறகு வெறுமனே நின்று நீராடியவர்கள். 1992 முதல் 2023 வரை பெர்னம்புகோவில் பதிவான நிகழ்வுகள் 70-க்கும் மேல். இறந்தவர்கள் 25-க்கும் மேல். சில பத்துக் கிலோமீட்டர் கரையில் பெரும்பாலும் நிகழ்ந்தவை இவை என்பதை மறந்துவிடக் கூடாது. கடிபட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள் என்பது உலகச் சராசரியைவிட மிக உயர்ந்த விகிதம். மேலே சொன்ன ஆறுதல் எண் இங்கே செல்லாக் காசு.

ஏன் 1992? ஆய்வாளர்கள் பெரிதும் சுட்டுவது ரெசிஃபிக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள சுவாபி துறைமுகத்தை. 1970-களின் இறுதியில் தொடங்கிய அந்தக் கட்டுமானத்துக்காகப் பாறைத்தொடர் வெட்டித் திறக்கப்பட்டது, கழிமுகங்கள் மறிக்கப்பட்டன, அலையாத்திக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. இப்போஜூக்கா முதலிய ஆறுகள் கடலைச் சேர்ந்த முறையே மாறியது. அந்தக் கழிமுகங்கள் காளைச்சுறாவின் பேற்றிடங்களாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. காளைச்சுறா உப்புநீரிலும் நன்னீரிலும் வாழவல்லது. அமேசான் ஆற்றில் கடலிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் அது பிடிபட்டிருக்கிறது. ஆற்று முகங்களில் அது குட்டி ஈனும்; குட்டிகள் கலங்கல் நீரில் ஒளிந்து வளரும். ஓரிடம் அடைபட்டால் அடுத்த முகத்துவாரத்தை நாடும். சுவாபிக்கு வடக்கே அடுத்த பெரிய முகத்துவாரம் ஜபோவாதாவ் ஆற்றினுடையது. ரெசிஃபியின் கரைகள் அதற்கு மேலே தொடங்குகின்றன. அந்த ஆற்றில் கலந்த இறைச்சிக்கூடக் கழிவு, துறைமுகம் நோக்கி வரும் கப்பல்கள், கரையோரத்தில் இறால் வலைகள் கழித்துக் கொட்டும் மீன் ஆகியவையும் காரணப் பட்டியலில் உண்டு. கப்பலைப் பின்தொடர்ந்து புலிச்சுறா வருகிறது என்பது தனி வாதம்.

இது நிறுவப்பட்ட தீர்ப்பன்று என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கு முந்தைய சுறாக்களின் கணக்கு இல்லாமல் எதனோடு எதை ஒப்பிடுவது? சூழலியலில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் நின்றுவிடுகின்றன. சேதம் நடந்த பின்பே அளவுகோல் தேடப்படுகிறது. ஆயினும் காலமும் இடமும் ஒருசேரச் சுட்டும் திசை தெளிவானது. கடலின் இயல்பு என்று ரெசிஃபியின் மரணங்களை ஒதுக்கிவிட முடியாது. ஒரு பொருளாதாரத் திட்டத்தின் செலவில் ஒரு பகுதி, அதோடு தொடர்பே இல்லாத நீராடுபவர்களின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

2013 ஜூலையில் நிகழ்ந்த ஒரு மரணம் நாடு முழுவதும் அறியப்பட்டது. தென்பகுதிப் பெருநகரம் ஒன்றின் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இளம்பெண் உறவினரோடு போவா வியாஜெம் கரையில் நீராடினாள். நீரோட்டம் இழுத்துப் போனது. உயிர்காப்பாளர்கள் அவர்களை மீட்கச் சென்றுகொண்டிருந்தபோதே சுறா அவள் காலைக் கடித்தது. கரைக்குக் கொண்டுவந்தார்கள், மருத்துவமனையில் காலை எடுத்தார்கள், அன்றிரவே அவள் இறந்தாள். கரையோரக் கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. அவள் இறங்கிய கரையில் எச்சரிக்கைப் பலகைகள் இருந்தனவே என்று பலர் கேட்டார்கள்.

இருந்தன. இன்றும் இருக்கின்றன. சிவப்பு நிறத்தில், சுறாவின் படத்தோடு, போர்த்துக்கீசியத்திலும் ஆங்கிலத்திலும். ஆனால் அந்தக் கேள்வியில் ஓர் அநீதி இருக்கிறது. ஜூலை பிரேசிலில் பள்ளி விடுமுறைக் காலம். நாட்டின் தெற்கே குளிர் அடிக்கும்போது மக்கள் வடகிழக்கின் வெதுவெதுப்பைத் தேடி வருகிறார்கள். ரெசிஃபியிலோ அது மழைக்காலத்தின் கடைப்பகுதி. ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கடலில் கொட்டும். நீர் கலங்கியிருக்கும். கலங்கிய நீரில் காளைச்சுறாவுக்கும் புலிச்சுறாவுக்கும் கண் தேவையில்லை. மோப்பமும் அதிர்வும், தசை அசைவின் நுண்ணிய மின்புலமும் போதும். எதிரில் இருப்பது இரையா, மனிதக் காலா என்று அவை கடித்துத்தான் அறிகின்றன. அந்த ஒரு கடியே மனிதருக்குப் போதுமானதாகிவிடுகிறது. ஆக, விடுமுறை அட்டவணையே பயணிகளை ஆண்டின் மோசமான நீருக்கு அழைத்து வருகிறது. பலகை அதைச் சொல்லவில்லை.

பலகை சொல்பவற்றையும் படிப்பவர் குறைவு. படித்தாலும் கோவில் வாசலில் ‘செருப்புகளைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருப்பதைப்போலத்தான் அது மனத்தில் பதிகிறது. காரணம் கூறாத விதி கட்டளையாக ஒலிக்கிறது. விடுமுறை என்பதே கட்டளைகளிலிருந்து தப்பி வந்த நாள்கள் அல்லவா? எனவே அந்த விதிகளுக்குரிய காரணங்களைக் கூறுவது பலகைகளைப் பெருக்குவதைவிடப் பயன்தரும்.

ஓதம் ஏறும்போது இறங்காதே என்பது முதல் விதி. காரணம் மேலே கூறிய மதில். பாறை கண்ணுக்குத் தெரியும்வரை உள்ளே இருக்கலாம். அதன் முதுகின்மேல் அலை உடையத் தொடங்கியதும் எழுந்து வந்துவிட வேண்டும். இந்த விதியில் பயணிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். விடுதியின் காலைச் சிற்றுண்டி நேரமோ மாறுவதில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு முழங்காலளவு இருந்த அதே இடத்தில், நான்கைந்து நாள் கழித்து அதே பத்து மணிக்கு வேறொரு கடல் இருக்கும். நேற்று இங்கேதானே குளித்தோம் என்ற நம்பிக்கையைப்போல் ஏமாற்றுவது வேறில்லை. ஊர்க்காரர் ஓத அட்டவணை பார்ப்பார். அல்லது பாறையைப் பார்ப்பார். பயணி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மழைக்குப் பின்னும் ஆற்று முகங்களிலும் இறங்காதே என்பதற்குக் கலங்கல் காரணம். விடியலிலும் அந்தியிலும் இறங்காதே என்பது வெளிச்சத்தைப் பற்றியது. பெருஞ்சுறாக்கள் இரைதேடிக் கரையை அணுகும் பொழுதுகள் அவை. மின்னும் நகையைக் கழற்று என்பது, நகையின் பளபளப்பு மீன் செதிலின் மினுக்கை ஒத்திருப்பதால். காயத்தோடு இறங்காதே என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மது அருந்திவிட்டு இறங்காதே என்பதைப் பலரும் ஒழுக்க உபதேசமாக எடுத்துக்கொள்கிறார்கள். குடித்தவர் தாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே அதன் பொருள்.

இடுப்பளவு நீரில் என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் இவை எல்லாவற்றையும் முறியடித்துவிடுகிறது. ரெசிஃபியின் பதிவுகளில் இடுப்பளவு நீரில் நின்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழம் காளைச்சுறாவுக்குத் தாராளம். மேலும், 2013-இல் நிகழ்ந்ததைப்போல, சுறாவுக்கு முன் நீரோட்டம் வருகிறது. கரையை நோக்கி வந்த அலைநீர் பாறை இடைவெளிகள் வழியாகத் திரும்பக் கடலுக்கு விரையும்போது, நிற்பவரையும் உடன் கொண்டுபோகிறது. இறங்கிய இடம் பாதுகாப்பானதாக இருக்கலாம். கொண்டுசேர்க்கப்படும் இடம் அப்படியிருக்க வேண்டியதில்லை. உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குவது என்பது சுறாவுக்கும் நீரோட்டத்துக்கும் பொதுவான ஒரே விதி.

கடி நேர்ந்துவிட்டால் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் குருதியிழப்புதான். தொடையின் பெருந்தமனி அறுபட்டால் சில நிமிடங்களே இருக்கும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிவு தெரிந்துவிடும். காயத்தின்மேல் முழுப் பலத்தோடு அழுத்துவதும், கை காலில் குருதி பீறிட்டால் காயத்துக்கு மேலே அகலமான பட்டையால் மிக இறுகக் கட்டுவதும் கரையில் நிற்கும் எவரும் செய்யக்கூடியவை. கடல் விளையாட்டுக்குச் செல்பவர்கள் நீந்தக் கற்பதோடு இதையும் கற்றிருக்க வேண்டும். சாலை விபத்துக்கும் இதே அறிவுதான் தேவைப்படும் என்பதால் கற்றது வீணாகாது.

எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் 2010 இறுதியில் நடந்ததையும் இங்கே நினைக்கலாம். ஓரிரு நாளில் சுற்றுலாப் பயணிகள் நால்வர் கடிபட்டார்கள், கடற்கரைகள் மூடப்பட்டன, இரண்டு சுறாக்களைப் பிடித்துக் கொன்றார்கள், கரை திறக்கப்பட்டது. டிசம்பர் 5 அன்று முதிய ஜெர்மானியப் பெண் ஒருவர் கரையருகே கொல்லப்பட்டார். பக்ரீத்தை ஒட்டிக் கால்நடைக் கப்பல்கள் கடலில் வீசிய ஆட்டுச் சடலங்கள், முக்குளிப்பவர்கள் சுறாக்களுக்கு இரையிட்டுப் பழக்கியது எனக் காரணங்கள் பேசப்பட்டன. இஸ்ரேலின் உளவுத்துறை சுறாவை ஏவியிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை என்று மாகாண ஆளுநரே சொன்னது அந்தத் துயரத்தின் நகைச்சுவைப் பகுதி. இரண்டு சுறாக்களைக் கொன்றதால் மாறியது பயணிகளின் மனநிலை மட்டுமே. கடலில் எந்த மாற்றமும் ஏற்பட்டிருக்கவில்லை.

ரெசிஃபி வேறொரு வழியை முயன்றது. பெர்னம்புகோ கிராமப்புறக் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆய்வாளர் ஃபாபியோ ஹாசினும் அவருடைய குழுவினரும் 2004 முதல் கரையோரத்தில் கொக்கிகள் கோத்த நெடுங்கயிறுகளை இட்டார்கள். ஆபத்தான இனங்களில் உயிரோடு சிக்கியவற்றைப் படகில் ஏற்றி, வாயில் கடல்நீர் பாய்ச்சியபடி ஆழ்கடலுக்குக் கொண்டுபோய், அடையாளக் குறி பொருத்தி விட்டார்கள். கொல்வதில்லை. விடப்பட்ட புலிச்சுறாக்கள் பெரும்பாலும் திரும்பி வராமல் விலகிச் சென்றதைக் கருவிகள் காட்டின. 2014-இல் ஹாசினும் ஆண்ட்ரே அஃபோன்சோவும் வெளியிட்ட ஆய்வின்படி, படகு இயங்கிய மாதங்களில் தாக்குதல் விகிதம் 97 சதவீதம் குறைந்திருந்தது. சுறாவுக்கும் மனிதருக்கும் இடையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று எண்ணியவர்களுக்கு அது எதிர்பாராத விடை. இருந்தும் நிதி வறண்டதும் அந்தப் பணி நின்றுபோனது. ஹாசின் 2021-இல் கொரோனாத் தொற்றால் காலமானார். பலகை நடுவதற்கு ஒருமுறைச் செலவு. படகுக்கு மாதந்தோறும் செலவு. அரசுகள் எதை விரும்பும் என்பதை ஆய்வு நிதிக்காகக் காத்திருந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2004-இல் மாநில அரசு அமைத்த கண்காணிப்புக் குழுவின் பெயரில் ‘சுறாத் தாக்குதல்’ என்ற சொல் கிடையாது. ‘சுறா நிகழ்வு’ என்றே இருக்கிறது. விலங்கின்மீது பகை வளராதிருக்கும் என்பதால் அறிவியலாளர்களுக்கு அந்தச் சொல் உகந்தது. விடுதி உரிமையாளர்களுக்கும் உகந்ததாக இருப்பதுதான் சற்று உறுத்துகிறது.

போவா வியாஜெமுக்குத் தெற்கே, நகர எல்லையைத் தாண்டி ஜபோவாதாவ் நகராட்சியில், பியெடாடி கடற்கரை. ‘இரக்கம்’ என்று பொருள்படும் பெயர். அங்கே கரையோரச் சிறு தேவாலயம் ஒன்றின் முன்னால் உள்ள பகுதியில் காக்கும் பாறை இல்லை. ஆழ்ந்த நீர் கரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இந்தக் கரையின் கடிகளில் கணிசமானவை அந்தச் சிறு இடத்தில் நிகழ்ந்தவை. 2021-இல் மீண்டும் ஓர் உயிர் போனபின் அங்கே நீராடுவதற்குத் தடை வந்தது. 2023 மார்ச் 5, 6 ஆகிய இரு நாள்களில், அடுத்தடுத்து, பதின்பருவத்தினர் இருவர் அதே கரையில் கடிபட்டார்கள். ஒருவர் காலை இழந்தார். மற்றவர் கையை இழந்தார். பயணிகளுக்கு அறியாமை உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. வெயில் கொளுத்தும் புறநகரில், பேருந்துக் கட்டணத்துக்குள் எட்டக்கூடிய ஒரே குளிர்ச்சி அந்தக் கடல்.

அலைச்சறுக்கு இந்தக் கரைகளில் 1990-களிலேயே தடைசெய்யப்பட்டது. ரெசிஃபியின் வசதியுள்ள இளைஞர்கள் வார இறுதியில் பலகையைக் காரின்மேல் கட்டிக்கொண்டு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தெற்கே மராக்காயிப்பி கடற்கரைக்குச் செல்கிறார்கள், அங்கே தடையில்லை. நெடுஞ்சாலையில் பாதி வழியில் சுவாபிக்குத் திரும்பும் கிளைச்சாலை வரும். கொள்கலன் லாரிகள் அங்கே வரிசையாகத் திரும்பும். காரில்லாதவர்கள் பியெடாடியில் பேருந்தை விட்டு இறங்குகிறார்கள்.